ராத்திரி தேய்க்கிற பல்லு

– எத்தினி வருசமா ஈறுல ரத்தம் வருதுன்னு செதம்பரத்து டாக்டரம்மா கேக்குறாங்க. சரியா ஞாபகம் இல்லீங்களாம்! பக்கத்துல நிக்கற புருசனுக்கு மானம் போவுது.

– நெசமாவே ஞாபகம் இல்ல மாமா. பதினஞ்சுன்னும் தோணுது, இருவதுன்னும் தோணுது. தப்பா சொல்லிடக் கூடாதுன்னுதான்...

– ஒன் வாய்க்குள்ள இருக்கற பல்லு. முன்னாடி நாலும் ஆடுது, எடுத்துடணும்னுட்டாங்க. அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி வூட்டாளுங்க முன்னாடி பொக்கவாயோட நிப்பியா?

– மூடிக்கிட்டு நிக்கறேன். எனக்கு என்னா புதுசா?

– கொழுப்பப் பாரு.

– மெதுவா பேசுங்க. பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க.

– பாக்கட்டும். செம்மங்குப்பம் கம்பெனில எங்களுக்குப் பல்லு கேம்ப் போட்டாங்க. ஒரே நாள்ல கத்துக்கிட்டேன். மெத்துனு பிரஷ்ஷு, பட்டாணி அளவு பேஸ்ட்டு, ரெண்டு நிமிசம். மூணு மாசம் ஆனா பிரஷ்ஷ மாத்தணும். இதுல என்னா வித்தை இருக்கு? நீ ரத்தம் வர்ற எடத்தத் தொடாமயே உட்டுருக்க.

– வலிச்சுது.

– வலிக்குதுன்னு உட்டா அழுக்கு சேந்து ஈறு கரையும்னு அந்தம்மா படம் காட்டிச் சொன்னாங்களே. காதுல வாங்குனியா?

– வாங்குனேன்.

– வெளங்குனாப்பலதான். என் பல்லப் பாரு. அம்பத்திரெண்டு வயசு, ஒண்ணு ஆடுதா? ஏன்? ராத்திரி தேய்க்காம படுக்கறதில்ல. கேம்ப்புலேர்ந்து ஒரு நாள் தவறல. காலைல தேய்க்கறத வுட அதான் முக்கியமாம். கேக்குதா?

– பஸ்ஸுக்கே கேக்குது.

– ஒங்க கம்மாபுரத்துல இதெல்லாம் யாரு சொல்லி வளக்கறாங்க!

– எங்கப்பா ராத்திரி பல்லு தேய்க்காம எங்க யாரையும் படுக்க உட மாட்டாரு.

– அப்பறம் என்னாத்துக்கு நிறுத்துன? சொல்லுடி. பேசாம இருந்தே ஆளக் கொல்லுவ. எப்ப நிறுத்துன? அதுவும் ஞாபகம் இல்லியா?

– அது நல்லா ஞாபகம் இருக்கு. கல்யாணம் ஆயி பதினோராம் நாளு. தேவனாம்பட்டினத்து வாடக வூடு. பின்னாடி கொழாகிட்ட நின்னு தேய்ச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து, "ராத்திரில பல்ல இப்படி பளபளன்னு தேய்க்கற, எவனப் பாக்கப் போற?"ன்னு கேட்டீங்க. ஒங்க அம்மா பின்வாசல்ல நின்னு சிரிச்சாங்க. வாயில நொரையோட நின்னேன்.

– சும்மா கேலிக்கு கேட்டிருப்பேன்டி. அதப் போயி இத்தினி வருசம்...

– சிரிச்ச அம்மா போய்ச் சேந்துட்டாங்க. அந்த வூடு சுனாமில போயிடுச்சு. நாளன்னிக்கு என் நாலு பல்லும் போவுது. ஒங்க பல்லு நல்லாருக்கு மாமா.