நெத்து உதிரட்டும்

— வேலிப் படலைத் தொறங்க நங்கை. என்ற காளைக பசியில கயித்தைக் கடிச்சுட்டு நிக்குது.

— மாட்டேனுங்க கொழுந்தனாரே.

— மாட்டேன்னா? இடுப்பு உசரத்துக்குக் கொழுக்கட்டைப்புல்லு நிக்குது. அடியில செப்புநெருஞ்சி தரை தெரியாமப் படர்ந்து கெடக்குது. ஆருக்கு வெச்சிருக்கறீங்க, கிளுவை வேலி திங்கறதுக்கா?

— அந்தச் செப்புநெருஞ்சிக்குத்தானுங்க. இப்பத்தான் பூ உதுந்து காய் புடிச்சிருக்குது. காய் முத்தி நெத்தாகட்டும், நெத்து வெடிச்சு மண்ணுல உழுகட்டும். அதுவரைக்கும் ஒரு மாட்டு வாயும் அதுல படப்படாது.

— ஒரு பூண்டுக்கு இத்தனை பவுசா! எங்கண்ணன் உசுரோட இருந்திருந்தா இந்நேரம் படலைத் தூக்கி அந்தாண்ட வெச்சிருப்பாரு.

— அவரு இருந்திருந்தா நீங்க உங்க பாகத்து மேய்ச்சக்காட்டுல டிராக்டரை உட்டிருக்கவே மாட்டீங்க. அத்தனை பயம் உங்களுக்கு.

— அதையே எத்தனை தடவை சொல்லுவீங்க? ஊரே ஹைப்ரிட் சோளம் போட்டுது, நானும் போட்டேன். மழை ஏமாத்திப்போட்டுது. ரெண்டே மழை!

— அதே ரெண்டு மழைதானுங்க இங்கயும் பேஞ்சுது. உங்க சோளம் முழங்கால் உசரத்துலயே கருகிப்போச்சு. என்ற காடு பச்சையா நிக்குது. எங்க மாமனாரு காலத்துலருந்து இது ஏரையே பார்த்ததில்லை. வெதை வாங்குனதில்லை, உரம் கொட்டுனதில்லை. நெத்து உழுகற வரைக்கும் அடைச்சு வெக்கறோம் பாருங்க, அது ஒண்ணுதான் நாம இதுக்குப் பண்ற பண்டுதம்.

— வேலியை வெட்டிப்போட்டு ஓட்டிட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?

— வெட்டுங்க. கிளுவை வெட்ட வெட்டத் தழையும். நான் குறுக்கால படுத்துக்கறேன். காங்கயத்துக் காளை மனுசரை மிதிக்காதுங்க. ஓட்டிட்டு வர்ற ஆளுதான் மிதிக்கோணும்.

— என்ன பேச்சுப் பேசறீங்க நங்கை! நானா உங்களை...

— பொறவென்ன? என்ற மாடு மட்டும் கொழுத்தா கெடக்குது? அந்தாப் பாருங்க, எலும்பு துருத்திட்டு நிக்குது. வெள்வேலங்காய் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுட்டிருக்கறேன். அதுகளையே உள்ள உடலை.

— அப்ப என்ற காளைக சாகட்டுங்கறீங்க.

— ஆரு சொன்னா? என்ற தோட்டத்துச் சோளத்தட்டுப் போர்ல பாதியைப் பிரிச்சு வண்டியேத்திக்குங்க. அதை நான் அடைச்சா வெச்சிருக்கறேன்?

— போரையே குடுக்கறவங்களுக்குப் புல்லுமேல என்னுங்க இத்தனை வீம்பு?

— போரு தீந்தா அடுத்த வெள்ளாமைக்கு வந்துரும். பிஞ்சுல மேயவுட்டாக் காடே தீந்துரும், உங்க பாகமாட்ட.

— ஆமா, செத்துப்போச்சு! ஊரைக் கூட்டிச் சொல்லுங்க, இந்தச் செங்கோடன் தன்ற அப்பன் காட்டைக் கொன்னுபோட்டான்னு. இனி அதுல கள்ளி கூட மொளைக்காது.

— மார்கழி கழியட்டுமுங்க. பொறவு உங்க காளைகளை ஓட்டிட்டு வாங்க. பகல்பூராவும் இங்க கொடியில மிச்சமிருக்கற நெத்தோட மேயட்டும். பொழுது உழுந்தா உங்க காட்டுல கொண்டுபோய்க் கட்டுங்க.

— அந்த மொட்டைக்காட்டுலயா? எதுக்கு?

— செப்புநெருஞ்சி வெதைத் தொலி கல்லாட்டங் கெட்டி. மாட்டு வயித்துல கூட வேகாது. சாணியோட உங்க மண்ணுல உழுந்து மொளைக்கும். மொளைச்சுக் காய் புடிக்கட்டும், அப்பப் பாருங்க கொழுந்தனாரே, உங்க படலுக்கு முன்னாலயும் இதே மாதிரி மறிச்சுட்டு நான் வந்து நிக்கறனா இல்லையான்னு!