நாலாவது சுத்து

— சார்ஜ் எறங்கிப்போச்சுன்னு நீ சொன்ன போனு அரிசி டிரம்முக்குள்ள எப்புடிண்ணே போவும்? கதை வுடாத.

— ஒங்க அண்ணி எதையாச்சும் எங்கயாச்சும் வச்சிடுவா. அவளக் கேளு.

— கேட்டுட்டேன். "ஒங்க அண்ணன் தான் பொதச்சி வச்சிட்டுப் போனாரு இசைவாணி"ன்னு சொல்றாங்க.

— காட்டிக் குடுத்துட்டாளா... நீ சன்னல் பக்கம் வா, எனக்கு வெயிலு அடிக்குது.

— பேச்ச மாத்தாத. பஸ்ஸு முதுநகரயே தாண்டிடுச்சு. சிதம்பரத்துல எறங்கறதுக்குள்ள எனக்கு உண்மை தெரிஞ்சாவணும்.

— நான் எதுக்குடி ஒங்க ஆபீசுக்கு? மீன் புடிக்கிறவன் அங்க வந்து என்னா பேசப் போறேன்?

— எங்க மொபைல் ஆப்ப கடலுக்கு எடுத்துனு போயி பாத்தவன் நீ தான? ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் பயன்படுத்துனவங்க வாயால கேட்டுட்டுத் தான் அடுத்த சுத்துக்கு வுடுவாங்க. இன்னிக்கு சென்னையிலேருந்தே ஆளு வந்திருக்குது. மேல செய்யுன்னு சொல்லுவாங்க, இல்ல இதோட நிறுத்துன்னு சொல்லிடுவாங்க.

— நீயும் கொசுவத்தி மாரி சுத்தினே தான் இருக்க.

— கொசுவத்தியே தான். ஆனா தலகீழு. கொசுவத்தி வெளியிலேருந்து எரிஞ்சினே உள்ள போவும். இது உள்ள சின்னதா ஆரம்பிச்சி, பெருசு பெருசா வெளிய வரும். ஒவ்வொரு சுத்து ஆரம்பிக்கும்போதும் மொதல்ல ஒண்ணு கேட்டுக்குவோம்... இந்த வேலைய எது கவுக்கும்?

— கடலுக்குப் போறவன்கிட்ட பேசுற பேச்சா இது? கவுக்குமாம்.

— கேட்டுக்கிட்டா தானண்ணே தப்பிக்கலாம். மொத சுத்துல ஆப்பே கெடையாது. காயிதத்துல படம் வரைஞ்சி காட்டுனனே, நெனப்பு இருக்கா?

— இல்லாம? என் போட்ட வாத்து மாரி வரைஞ்சிருந்த.

— சிரிச்ச, சரி. ஆனா அந்த வாத்தப் பாத்துட்டு தான் "ஈரக் கையில இந்த பட்டனு வேலை செய்யாது"ன்னு சொன்ன. ரெண்டாவது சுத்துல பட்டனையே எடுத்துட்டோம். எப்ப திரும்புவன்னு வாயால சொன்னா போதும். மூணாவது சுத்துல, சொன்ன நேரத்துக்கு வரலன்னா வீட்டுல மணி அடிக்கிற மாரி பண்ணோம். இன்னும் எந்தெந்த போட்டு கடல்ல நிக்குதுன்னு காட்டும்...

— முந்தாநேத்து அடிச்சிதுல்ல? அப்புறம் என்னா கொறை?

— அடிச்சிது. எங்க வீட்டுக்காரரு போட்டுல இஞ்சினு நின்னுபோயி ஆளு வரலன்னதும் சரியா அடிச்சிது. தேடிப் போவ பக்கத்துல வேற யாரு நிக்கறாங்கன்னு பாத்தா... ஒருத்தரும் இல்ல. பாண்டியன்னு ஒன் பேருக்கு நேரா மட்டும் வீட்டுல இருக்கன்னு காட்டுது. சரி, அண்ணன் இருக்குன்னு ஒரே ஓட்டமா ஒங்க வீட்டுக்கு ஓடியாந்தேன்.

— அப்புறம்?

— நீயும் இல்ல. போனு அரிசிக்குள்ள கெடந்து கத்துது. அண்ணி என்னப் பாக்குறாங்க, நான் அண்ணியப் பாக்குறேன். புருசனயும் காணும், அண்ணனயும் காணும். பொழுது சாயற வரைக்கும் கரையிலயே நின்னோம்ணே. எனக்கு உசுரே இல்ல...

— அழுவாத புள்ள. பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க. அதான் வந்துட்டம்ல?

— வந்தீங்க. ஒரு போட்டு இன்னொரு போட்ட கட்டி இழுத்துனு வந்துது பாரு, அப்ப தான் எனக்கு மூச்சே வந்துது. ரெண்டு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசாத ரெண்டு பேரு, ஒரே கயித்துல!

— என் வலைய அறுத்தது யாரு? மச்சான் தான?

— இப்ப அத எடுக்காத. அங்க என்னா பேசிக்கிட்டீங்க?

— "கயித்தப் புடிங்க மச்சான்"னேன். புடிச்சாரு.

— அவ்ளோ தானா?

— "குடிக்கத் தண்ணி இருக்கா"ன்னாரு. குடுத்தேன். அப்புறம்... கொஞ்சம் அழுதாரு. நானுந்தான். கடல்ல யாரு பாக்கப் போறா?

— ...நல்லா இருப்பண்ணே நீ.

— ஆலப்பாக்கம் வந்துடுச்சு போலருக்கே.

— வரட்டும். எங்க ஆபீசு செல்வன் சாரு "ஆப் தப்பா காட்டிச்சு"ன்னு எழுதி வச்சிருக்காரு. அது தப்பா காட்டல. போனு எங்க கெடந்துச்சோ அங்க காட்டிச்சு. நீ ஏன் வச்சிட்டுப் போனன்னு சொல்லலன்னா இந்த வேலைய இன்னியோட மூடிடுவாங்க. நாளைக்கு வேற ஒருத்தரு இஞ்சினு நின்னுபோனா அவுங்க வீட்டுல மணியே அடிக்காது.

— மறந்துட்டுப் போயிட்டேன்னு சொல்லிடறேன்.

— அரிசிய கையால தோண்டி உள்ள வச்சி மறந்தியா?

— ...கரைக்கு வந்ததும் போன வழியெல்லாம் ஒன் லேப்டாப்புல கோடு கோடா வுழுதுல்ல? மீன் கெடக்குற எடத்த பெத்த புள்ளைக்கே சொல்ல மாட்டோம். ஒங்க ஆபீசுக்கு படம் போட்டு அனுப்புவனா நானு?

— அப்ப ஆரம்பத்துல மட்டும் எதுக்கு எடுத்துனு போன? ஒன் எடம் எனக்கு அப்பவே தெரியுமே. நான் யாருகிட்டயாச்சும் சொன்னனா?

— நீ சொல்ல மாட்ட.

— பின்ன திடீர்னு என்னா பயம்?

— அது... என் எடம் இல்லடி.

— வேற யாரு எடம்?

— ...ஒன் புருசன் எடம்.

— அண்ணே!

— கத்தாத, கத்தாத... அன்னிக்கு நீ எங்க வீட்டுக்கு வந்தப்போ லேப்டாப்ப தெறந்தபடி வச்சிட்டு உள்ள போயிட்ட. மச்சான் போட்டு கோடு பளிச்சின்னு தெரியுது. பரங்கிப்பேட்டைக்கு நேரா, நல்லா உள்ள. பாத்த கண்ணு சும்மா இருக்குமா? மறுநாளே போயிட்டேன். வஞ்சிரம்டி... ஜாஸ்தி கெடக்குது, ஒண்ணொண்ணும் கை நீளம். போன எடுத்துனு போனா அவரு கோட்டு மேலயே என் கோடும் வுழும், நீ பாத்துடுவ. அதான் அரிசியில போட்டேன்.

— ஒன்ன அங்க பாத்ததும் அவரு ஒண்ணும் கேக்கலயா?

— கேக்கலயே! அதான் எனக்கு தூக்கமே வரல. நாலு திட்டு திட்டியிருந்தாலாச்சும் நிம்மதியா போயிருக்கும். மச்சான்கிட்ட மட்டும் சொல்லிடாத தாயி. அசிங்கம்.

— யாரு எடம்னு யாருக்கும் சொல்ல வேணாம். எடம் தெரிஞ்சிடும்னு பயந்து, போன வீட்டுல வச்சிட்டுப் போனேன்... அவ்ளோ சொன்னா போதும். சொல்லுவல்ல?

— நீ கரையில நின்னினு அழுதத ஒங்க அண்ணி ஏற்கெனவே சொன்னா... அதுக்காச்சும் சொல்றேன்.

*

— எல்லாத்தயும் கொட்டிட்டியேண்ணே! கடலூர் பஸ்ஸு ஏறுற வரைக்கும் எனக்கு சிரிப்பு அடங்கல.

— நான் என்னா பண்றது? அந்த சென்னை அம்மா "யாரு எடம்"னு கேட்டாங்க. அவுங்க மூஞ்சியப் பாத்தா பொய் வரல.

— "எங்க மச்சானுது, நான் திருடிட்டேன்"னு அத்தினி பேரு முன்னாடி! செல்வன் சாருக்கு டீ பொரையேறிடுச்சு.

— அது கெடக்கட்டும். ஒன் வேலை நடக்குதா, இல்ல மூடிட்டாங்களா?

— நடக்குதுண்ணே! நாலாவது சுத்து குடுத்துட்டாங்க. இனிமே கோடும் கெடையாது ஒண்ணும் கெடையாது. எந்தப் பக்கம் போறன்னு கெளம்பும்போது நீயே சொல்லி பூட்டி வச்சிட்டுப் போலாம். சொன்ன நேரத்துக்கு வரலன்னா மட்டும் தான் பூட்டு தெறக்கும். அதுவரைக்கும் எனக்கே தெரியாது.

— அப்புடின்னா எடுத்துனு போவேன். நம்ம தெருவே எடுத்துனு போவும்.

— அந்த அம்மாவும் அதான் சொன்னாங்க. "டவரு, பேட்டரி, உப்புத்தண்ணின்னு எல்லாத்துக்கும் பயந்தீங்க. எடத்த மறைக்கறதுக்காக போன வீட்டுல வச்சிட்டுப் போவாங்கன்னு பயப்படலயே. ஊரு பூரா குடுத்தப்புறம் இது தெரிஞ்சிருந்தா என்னா ஆவறது? சின்ன சுத்துலயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு"ன்னாங்க.

— பாத்தியா, என் திருட்டுக்கும் ஒரு மரியாதை.

— ஆமா, மாலை போடணும்... இரு, போனு அடிக்குது. அவரு தான். சொல்லுங்க... ம்... குடுத்துட்டாங்க, குடுத்துட்டாங்க... அண்ணன் இங்க தான் ஒக்காந்திருக்குது... சரி, சொல்றேன்... அண்ணே, கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துனு வர்றாராம். அண்ணிய ஏற்கெனவே கூப்ட்டாச்சாம். நைட்டு சாப்பாடு எல்லாருக்கும் நம்ம வீட்டுல தானாம்.

— மச்சானா சொன்னாரு? ...எடத்தப் பத்தி ஒண்ணும்...?

— சொன்னாரு. "ஒளிஞ்சி ஒளிஞ்சி வர வேணாம், நாளைக்கு ரெண்டு போட்டும் சேந்தே போவலாம்னு சொல்லு"ன்னாரு.

— அடப்பாவி, தெரிஞ்சினே தான் கம்முனு இருந்திருக்காரு... அப்பாடா! இப்ப தான்டி நெஞ்சு லேசா இருக்குது. வயிறு கூட பசிக்குது.

— பசிக்கட்டும். கொழம்பு வச்சிருப்பாங்க.

— ஏண்டி இசை...

— ம்?

— ஒண்ணு மட்டும் புரியல. நீ தண்ணி குடிக்க எழுந்தாலே அந்த லேப்டாப்ப மூடிட்டுத் தான் போவ. பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னையே அந்தப் பக்கம் திரும்புன்னு சொல்லுவ. அன்னிக்கு மட்டும் எப்புடி மறந்த?

— மறக்கலண்ணே. எது கவுக்கும்னு மொத சுத்துல கேட்டப்போ என் மனசுக்கு வந்தது டவரும் இல்ல, பேட்டரியும் இல்ல. தனியா நிக்கிற போட்டு. நீங்க ரெண்டு பேரும் பேச மாட்டீங்க, சேந்து போவ மாட்டீங்க... பக்கத்துல பக்கத்துலயாச்சும் நில்லுங்கன்னு தான் அவரு கோட்ட நல்லா பெருசு பண்ணி வச்சிட்டு, அண்ணிகூட மீன் கழுவப் போனேன். இத மட்டும் செல்வன் சாருகிட்ட சொல்லிடாத!