காப்பை இடம் மாற்றியவன்

வெள்ளிக்கிழமை. உச்சி வேளை. ஜென்னே ஊரைத் தாண்டி மண்மேட்டுக்குப் போகும் கரைச்சாலையில் ஈ, காக்கை கிடையாது. ஊரே தொழுகையில். அந்த வெயிலில் ஒரே ஒரு சைக்கிள்... கிறீச்... கிறீச்... அதில் என் சிநேகிதன் பாமோயின் அக்கா தெனெம்பா.

ராத்திரியில்தான் பேய் வரும் என்று நினைக்கிறவர்கள் எழுந்து போய்ப் படுக்கலாம். மற்றவர்கள் நெருங்கி உட்காருங்கள். தேநீர் இன்னும் இரண்டு தரம் கொதிக்க வேண்டும், அவசரமில்லை.

தெனெம்பாவுக்கு வேலை அகழாய்வுக் குழியின் சுவரைப் படமாக வரைவது. பழைய ஊர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இடிந்து கிடக்கிற மேடு அது. குழிச்சுவரில் ஒவ்வொரு காலத்து மண்ணும் ஒரு நிறம். மேலே இருப்பது பிந்தியது, அடியில் இருப்பது முந்தியது. அவ்வளவுதான் சாஸ்திரம். ஒரு பொருள் எந்த அடுக்கில் கிடந்ததோ அதை வைத்துத்தான் அதற்கு வயது. இடத்தை மாற்றிவிட்டால் அதற்குக் காயலான் கடை மதிப்புதான். முதல் நாள் கூலிக்கு வருகிறவனுக்கே இது தெரியும். அகழாய்வை நடத்தும் டாக்டர் ஒகோபாராவுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தான் அந்தப் புண்ணியவான்.

அவனைப் பற்றி என்ன சொல்ல... மடிப்புக் கலையாத கால்சட்டை. கையில் ஒரு குச்சி. குழிக்குள் இறங்க மாட்டான், மேலே நின்று குச்சியால் காட்டுவான். டாக்டர் என்று கூப்பிடாவிட்டால் காது கேட்காது. தலைநகரத்து அருங்காட்சியகத்தில் தலைவர் நாற்காலி காலி. ஆற்றங்கரையிலேயே பழைய ஊர் தன் மேடுதான் என்று காட்டிவிட்டால் நாற்காலி அவனுக்கு. திங்கட்கிழமை தேர்வுக் குழு வருகிறது. அடி அடுக்கிலோ மீன்முள்ளும் சாம்பலும் தவிர ஒன்றுமில்லை. அங்கே செம்பு கிடைத்தால்தான் பேச்சு எடுபடும். கிடைத்ததோ மேல் அடுக்கில். ஒரு தாழிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டின் கையில், ஒரு செம்புக் காப்பு.

தெனெம்பா அளவுக்காகக் குழிச்சுவரில் கட்டிய நூலை அவிழ்க்காமல் ஊருக்குப் போய்விட்டாள். ஆடு புகுந்தால் அறுத்துவிடும் என்று திரும்பி வந்தாள். மேட்டில் டாக்டரின் மோட்டார் சைக்கிள். பக்கத்து மண்குவியலில் ஏதோ வெள்ளையாக... குனிந்து பார்த்தாள். கை எலும்பு. காப்பு கழலவில்லை போலிருக்கிறது, மணிக்கட்டையே முறித்துப் போட்டிருந்தான்.

குழிக்குள் எட்டிப் பார்த்தாள். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு டாக்டர் அடியில் குந்தியிருந்தான். அடி அடுக்கில் கரணையால் விரலளவு குடைந்து காப்பைச் சொருகிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி!"

துள்ளி எழுந்தான். யார் என்று தெரிந்ததும் சிரித்தான். அவன் வெங்காயம் பயிரிடும் தொகோன் சனம், அவள் மீன்பிடிக்கும் போஸோ சனம். இரண்டு சனத்துக்கும் கேலி முறை உண்டு, என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த முறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தான்.

"ஏ மீன்நாத்தக்காரி! பூனை மாதிரி வந்து நிக்கிறே. உங்க வலை கிழிஞ்சு போச்சா?"

"வெங்காயந்தின்னி, கேலியெல்லாம் அப்புறம். செத்தவ கைய முறிச்சுப் போட்டிருக்கியே, வெக்கமா இல்ல?"

"செத்தவ வந்து கேக்கப் போறாளாக்கும். திங்கக்கிழமை வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு. உன் படத்துல இந்த இடத்துல ஒரு பொட்டு வை, போதும். நான் தலைவரானா உன்னையும் தலைநகரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"தூ! நீ தலைவரு! குடைஞ்ச இடம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி பளிச்சுனு தெரியுது. ஒழுங்கா திருடக்கூட உனக்குத் துப்பில்ல."

அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான்.

சர்ர்... சர்ர்...

கரணை மண்ணைச் சுரண்டும் சத்தம். அவனுடைய கரணை அவன் காலடியில் கிடந்தது.

சர்ர்... சர்ர்... சுவருக்கு உள்ளேயிருந்து. அந்தப் பக்கம் குழியும் இல்லை, வழியும் இல்லை. மேடு முழுக்கக் கெட்டிப்பட்ட மண். கூடவே ஒரு வாடை... மாதக்கணக்கில் மழை காணாத மேட்டில், அப்போதுதான் பிசைந்த ஈரக் களிமண் வாடை.

"ஏய்... நீதானே ஏதோ பண்றே?" குரல் மெலிந்துவிட்டது.

"மேல வந்துடு. அந்தக் காப்ப எடுத்த இடத்துலயே வை. சீக்கிரம்!"

ஏணி கைக்கெட்டும் தூரத்தில். காப்பை விட்டுவிட்டு ஏறியிருக்கலாம், மடையன். தடயம் இருந்தால் நாற்காலி போய்விடுமே! காப்பை வெளியே எடுக்கத் திரும்பி ஓட்டைக்குள் கையை விட்டான். மணிக்கட்டு போனது. முழங்கை போனது.

"என்ன இது... ஆழமா போகுது..."

புழுதிக்காற்று ஒன்று அடித்தது. தெனெம்பா தோள்துணியால் முகத்தை மூடினாள். மூச்சு விடும் நேரம்தான். துணியை விலக்கினால்... குழியில் யாருமில்லை. ஏணி அப்படியே இருந்தது. சுவரில் ஓட்டை இல்லை. அடுக்குகள் வரி வரியாக, கலையாமல். அவள் கட்டிய நூல் நேராக நின்றது.

"டாக்டர்!"

சர்ர்... சத்தம் இப்போது குழித்தரைக்குக் கீழே. பிறகு அவன் குரல். ரொம்ப... ரொம்ப அடியிலிருந்து. அதுவரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாதவன் கூப்பிட்டான்.

"தெனெம்பா... எனக்கு மேல எத்தனை அடுக்கு இருக்கு?"

சைக்கிளை விட்டுவிட்டு ஊர் வரைக்கும் ஓடினாள். போலீஸ் வந்தது. ஆற்றில் வலை போட்டுத் தேடினார்கள். செம்பைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் சொன்னது, யாரும் பெரிதாக அழவில்லை. நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார்.

மழைக்காலம் முடிந்து வேலை மறுபடி தொடங்கியது. அடி அடுக்கு என்று நினைத்ததற்குக் கீழே இன்னொரு களிமண் தரை. ஒரு கீறல் இல்லை, ஒட்டு இல்லை. தெனெம்பாவே விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். மேலிருந்து யாரும் அதைத் தோண்டியதே கிடையாது. அதன் கீழே, வாய் மூடிய ஒரு பெரிய தாழி.

மூடியை எடுத்தார்கள். ஒரு ஆணின் எலும்புக்கூடு. முழங்காலை மடக்கி, தலையைக் கவிழ்த்து. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் பல் வைத்தியர் அடைத்த உலோகம், பளபளவென்று. கூலியாட்கள் குழியை விட்டு ஏறிவிட்டார்கள்.

"கடைசியில நெனச்சத சாதிச்சுட்டே, வெங்காயந்தின்னி," என்றாள் தெனெம்பா. "இந்த மேட்டுலயே உன்னைவிடப் பழசு எதுவும் இல்ல."

கேலி முறை, செத்தவனிடமும் செல்லும். சொல்லிவிட்டு எலும்புகளை எடுத்தாள், தூரிகையால் தாழியின் உள்பக்கத்தைத் துடைத்தாள். அப்போதுதான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

உள்சுவர் நெடுக விரல் இழுத்த கோடுகள். இரண்டு கை விரல்களும், அடியிலிருந்து கழுத்து வரை. சுட்ட பானையில் நகம் பட்டால் மெல்லிய வெள்ளைக் கீறல்தான் விழும். இவை ஆழமாக இருந்தன. ஓரத்தில் மண் வழிந்து, பிதுங்கி, அப்படியே இறுகிப் போயிருந்தது. அவன் பிறாண்டும்போது தாழி ஈரமாக இருந்திருக்கிறது.

அதற்கப்புறம்தான் அதைச் சூளையில் வைத்திருக்கிறார்கள்.