சத்தம் போடாத செயின்

மில் ஷிப்டு விட்ட நேரம். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர் இருந்தார்கள். ஒருவர் கை நிறைய கிரீஸோடு இருந்த மெக்கானிக். இன்னொருவர் இஸ்திரி போட்ட சட்டையில் வயதானவர்.

"வண்டி ஓடிடுமோன்னுதான் பாய் பயமா இருக்கு" என்றார் வயதானவர்.

"என்ன சார் இது? இஞ்சின் வேல முடிஞ்சதுலேந்து உள்ள டைமிங் செயின் சத்தம் போடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எத்தினி வாட்டி கழட்டிப் பாத்துட்டேன். செயின் புதுசு. ரெண்டு பல்சக்கரத்துலயும் புள்ளி நேருக்கு நேரா நிக்குது. சத்தமே இல்லியே."

"நீங்க வர்றப்ப இருக்காது."

"நான் இல்லாதப்ப மட்டும் சத்தம் போடுமா?"

வயதானவர் கையிலிருந்த டிக்கெட்டை மடித்தார்.

"வெள்ளிக்கெழமன்னா வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு வீராம்பட்டினம் கோயிலுக்குப் போவேன். அவ போனப்புறம் வண்டி அப்பிடியே நின்னுபோச்சு. இஞ்சின் வேல பாத்துட்டா எங்கியாச்சும் போலாம்னு நெனச்சேன். இப்ப ஸ்டார்ட் பண்ணி உக்காந்தா எங்க போறதுன்னு தெரியல. ஆஃப் பண்ணிட்டு, பஸ் ஏறி உங்க ஷெட்டுக்கு வந்துடறேன்."

நெல்லித்தோப்பு ஸ்டாப் வந்தது. மெக்கானிக் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"செயின இறுக்கிப் புடிக்கிற டென்ஷனர்லதான் எனக்கு சந்தேகமா இருக்கு சார். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்து இன்னொரு வாட்டி கழட்டிப் பாத்துடறேன்."

"அன்னிக்கி உங்களுக்கு லீவாச்சே பாய்?"

"சத்தம் லீவு எடுக்குமா சார்?"