அரக்கர் தலைகளைச் சுமந்து வந்த குரங்குகள்

இவ்விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் விகாரை முதல்வர் அவர்களே! முழங்கால் வலியையும் மறந்து படகேறி வந்திருக்கும் பெரியோர்களே! விடியலிலிருந்து தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் கிண்டிக் கிண்டிக் கைசிவந்த தாய்மார்களே! மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு, “இவன் எப்போது முடிப்பான்?” என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் வாத்தியக்காரர்களே! எல்லாருக்கும் மேலாக, இம்மேடையின் உச்சியில் மல்லிகை சூடி அமர்ந்திருக்கும் கூத்து முகமூடிகளான திருத்தலைகளே! உங்கள் அனைவருக்கும் கூத்தன் சொம்புன் கைகூப்பி வணங்குகிறேன்.

இன்று வியாழன், குருவை வணங்கும் நாள். ஆண்டுதோறும் பத்துத்தலை அரக்கர்கோனாக ஆடி, ராமனிடம் அடி வாங்கி வீழ்கிறவன் நான். முகமூடி அணிந்தவன் மேடையில் வாய் திறக்கக் கூடாது. ஆகவே இன்று கிடைத்த வாய்ப்பை நான் எளிதில் விடப்போவதில்லை!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு கேள்வி. இந்தத் தலைகள் யார் தந்தவை? நம் பாட்டன் வாங்கியவையா? பாங்காக் கடையில் கிடைத்தவையா? இல்லை ஐயா, இல்லை!

மன்னர் அரசாண்ட காலம் அது. இதே தொன்புரிக் கால்வாய்க் கரையில் ‘பிரயா’ பட்டம் பெற்ற இரண்டு அரசவைப் பிரபுக்கள் வாழ்ந்தார்கள். மூத்தவர் பிரயா பைரோட். இளையவர் பிரயா அனுரக். இருவருக்கும் கூத்தென்றால் உயிர். பைரோட் சேர்த்தது குரங்குத் தலைகள். அனுரக் சேர்த்தது அரக்கர் தலைகள். காகிதக் கூழில் கருவாகி, அரக்கில் உருவாகி, பொன்னிலும் பளிங்குச் சில்லிலும் பொலிந்த தலைகள்! அவர் வீட்டில் வானரப் படை. இவர் வீட்டில் அரக்கர் படை. இரண்டும் ஒரு மேடையில் மோதினால் ஊரே திரண்டு வரும்.

பிறகு வந்தது பகை. எதனால்? தாப் என்ற சிற்பியால். அனுரக் வீட்டில் உண்டு உறங்கித் தலைகள் செய்துவந்த அந்த மனிதரைப் பைரோட் நல்ல வீடு கொடுத்துத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அனுரக் கொதித்தார். “என் அரக்கன் இனி அந்தாளு குரங்கோட மேடையேற மாட்டான்!” என்று சபையறியச் சொல்லிவிட்டார்.

என்ன ஆயிற்று? அங்கே பாதி ராமாயணம், இங்கே பாதி ராமாயணம். அடிக்க அரக்கன் இல்லாமல் குரங்கு நின்றது; அடிகொடுக்கக் குரங்கு இல்லாமல் அரக்கன்... பின்வரிசையில் என்ன சொல்கிறீர்கள்? “வீட்டுக்கு வீடு குரங்கு உண்டு” என்றா? அதை உங்கள் மனைவி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் ஐயா!

ஒரு கோடைப் பகல். அனுரக், மன்னரோடு ஆற்றின் மேல்பக்கத்து அரண்மனைக்குப் போயிருந்தார். அரிசி ஆலையில் பிடித்த தீ, ஓலைக்கூரைகளைத் தாவித் தாவி அவர் வீட்டை நெருங்கியது. வீட்டிலே அவர் மனைவி லமாய், பெண்கள், பிள்ளைகள். அப்போது படித்துறையில் வந்து நின்றன பைரோட்டின் படகுகள். படகு நிறையக் குரங்கு வேடம் கட்டும் ஆட்டக்காரர்கள்!

லமாய் அம்மையார் கையில் பாக்குவெட்டியோடு படியை மறித்தார்.

“வீடு எரியும்போது பொறுக்கிட்டுப் போகலாம்னு வந்தீங்களா, பிரபு?”

“தங்கச்சி, திட்டணும்னா படகுல உக்காந்து திட்டு. நேரம் இருக்கு. இப்ப புள்ளைங்கள ஏத்து.”

“தலைங்களத் தொட்டீங்கன்னா...”

“தொட மாட்டேன். என் பசங்க போட்டுக்குவாங்க!”

ஆம் ஐயா! கையில் தூக்கினால் ஒருவனுக்கு இரண்டே தலை. பிள்ளையைத் தூக்கக் கை இருக்காது. அந்தக் குரங்காட்டக்காரர்கள் நெருப்பின் நடுவிலும் ஒரு கணம் கைகூப்பி, அரக்கர் தலைகளை அணிந்துகொண்டார்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் இன்னொரு தலை. புகையைக் கிழித்துக்கொண்டு பச்சை அரக்கன் வந்தான், செவ்வரக்கன் வந்தான், பொன்முக அரக்கர்கோன் வந்தான், தோளிலே ஒரு கைக்குழந்தையோடு! அக்கரையில் நின்ற கிழவர் ஒருவர், “இலங்கையே காலி பண்ணிட்டு வருதுடா!” என்று கூவினாராம்.

அந்த நேரத்தில் பைரோட்டின் வேலையாள் ஒருவன் சிறு படகில் விரைந்து வந்தான். “எசமான்! காத்து திரும்பிடுச்சு! தீ நம்ம வீட்டுப் பக்கம் போகுது!”

படகுகள் நிறைந்திருந்தன. ஏறியவர்களை இறக்கினால்தான் தம் வீட்டுக்கு விரையலாம். பைரோட் தம் வீட்டுத் திசையை ஒருமுறை பார்த்தார்.

“இறக்கிட்டா இவங்க எங்க நிப்பாங்க? அக்கரைக்கு விடு!”

அக்கரைக்கு விட்டார்கள். இக்கரையில் அவர் கூத்து மண்டபம் எரிந்தது. வானரப் படையில் பாதி சாம்பல். முத்துச்சிப்பிப் பல் பதித்து தாப் செய்த வெள்ளை அனுமனும் சாம்பல்!

செய்தி கேட்டு ஓடிவந்த அனுரக், பைரோட் தங்கியிருந்த இடத்துக்குப் போய்க் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே... உங்க அனுமான் போயிட்டானாமே.”

“இலங்கையைக் கொளுத்துனவன் தம்பி அவன். நெருப்பு கணக்குத் தீர்த்துக்கிச்சு. மேல வந்து உக்காரு.”

அனுரக் அழுதார். அரசவைப் பிரபு, ஆட்கள் பார்க்க அழுதார். “என் பிள்ளைங்கள உன் ஆளுங்க சுமந்திருக்காங்கண்ணே. என் அரக்கனுங்க இனி உன்னோடதுதான்” என்றார். “எனக்கு எதுக்குடா? அடிவாங்க ஆளில்லாம என் மிச்சக் குரங்கு இளைச்சுப் போச்சு. கூத்து வைப்போம் வா!” என்றார் பைரோட்.

தாப் மீண்டும் தூரிகை எடுத்தார். இருவரும் சேர்ந்து அவரைப் போற்றினார்கள். இழந்த குரங்குகள் எழுந்து வந்தன. ஊர் மீண்டும் முழு ராமாயணம் பார்த்தது. முதுமையில் இருவரும், “பூட்டி வைத்தது போதும், ஆடுகிறவன் எவனானாலும் எடுத்து ஆடட்டும்” என்று எல்லாத் தலைகளையும் இந்த விகாரைக்கே கொடுத்தார்கள்.

கொடை என்றால் கல்வெட்டு வேண்டுமே! “யார் பேரைப் பொறிக்கட்டும்?” என்று அன்றைய விகாரை முதல்வர் கேட்டார்.

“அண்ணன் பேரு” என்றார் அனுரக்.

“தம்பி பேரு. என் பேரு வந்தா நானே வந்து சுரண்டுவேன்” என்றார் பைரோட்.

மறுபடியும் சண்டை! லமாய் அம்மையார் குறுக்கே வந்தார். “ஒருத்தரை இழுக்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களே, அந்தாளு பேரைப் போடுங்க. நீங்க வாங்கித்தான் வெச்சீங்க. அவருதான் செஞ்சாரு.”

கொடுத்தவன் பெயர் விளங்கும் கற்கள் நாடெங்கும் உண்டு. செய்தவன் பெயரைச் செதுக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்ற பிரபுக்களை எங்கே கண்டீர்கள்? வாயிலுக்கு இடப்புறம் பாருங்கள். ‘இவற்றைச் செய்தவர் தாப்.’ அவ்வளவுதான் கல்லில் இருக்கிறது. அந்த இரண்டு பெயர்களைக் கல் சொல்லாது. ஆகவே நாம் சொல்ல வேண்டும்! பைரோட்! அனுரக்! உரக்கச் சொல்லுங்கள் தாய்மார்களே! கால்வாய்க்குக் கேட்கட்டும்!

கேட்டது. நெஞ்சு நிறைந்தது. ஆட அரங்கும் அணியத் தலையும் தந்தவர்களுக்கும், நெருப்பிலே நடந்த பெயர் தெரியாத ஆட்டக்காரர்களுக்கும், இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கும் என் நன்றி. வாத்தியக்காரர்களே, மத்தளம் இனி உங்களுடையது. வணக்கம்!