கல்யாணம் பண்ணினால் வேலை

திருத்தங்கலில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. சன்னலோரத்தில் இருந்தவன் கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

“கல்யாணம் பண்ணிட்டு வந்தா மறுபடி மிஷின்ல நிக்கலாம்னு மேனேஜர் சொல்றாருலே.”

“யாரையாம்?”

“எவளா இருந்தாலும் சரியாம். நானும் சேகரும் ஒண்ணா வாழுறது தெரிஞ்சதும்தான என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுனாரு.”

“லேபர் ஆபீஸ்ல இத அப்படியே சொல்லப் போறியா?”

“அதான காரணம்.”

“சட்டத்துல இதுக்கு இடம் இருக்காலே?”

“தெரியல. கேக்காம எப்படித் தெரியும்? அவரு சொன்னப்ப நீ பக்கத்துலதான நின்ன. வந்து சொல்லு.”

“காலண்டர் சீசன் நேரம்லே. என்னையும் நிப்பாட்டிட்டா? வீட்ல பிள்ளைக இருக்கு.”

பஸ் விருதுநகருக்குள் நுழைந்தது.

கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் சன்னலோரத்துக்காரன் லேபர் ஆபீஸுக்கு இறங்க எழுந்தான். மற்றவன் காலை ஒதுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“வழி விடுலே.”

“என் பேரையும் எழுதுவாகளா?”

“எழுதுவாக.”

கண்டக்டர் சத்தம் போட்டார். மற்றவன் சட்டென்று எழுந்து முன்னால் நடந்தான்.

“காதுல விழுந்தத மட்டும்தான் சொல்லுவேன். வா.”