ஷாலினி ஒரு ஓகே போட்டா போதும்

வெற்றி: அந்தப் பச்சை பட்டன்தான். அமுக்கு.

ஷாலினி: இருடா. பஸ்ஸ விட்டு இறங்கி ஒரு வாய் தண்ணி கூட குடிக்கல...

வெற்றி: தண்ணி குடிச்சிட்டு அமுக்கு.

ஷாலினி: வேகாத வெயில்ல உப்பளத்துக்கு வர வச்சி, இந்தக் கொட்டாய்ல உக்கார வச்சி, லேப்டாப்ப மடியில வச்சி... என்னா அவசரம்? லைசென்ஸ்தானே? டிரைவிங் லைசென்ஸையே வருசக்கணக்கா புதுப்பிக்காம சுத்துறவன் நீ!

வெற்றி: நம்ம ஆப்போட மழை அலாரம் நாளைக்குப் புது வெர்ஷன் போவுது. பழைய லைசென்ஸோட போச்சுன்னா, அந்த மெட்ராஸ் கம்பெனிக்காரன் இதையும் தூக்கிடுவான்.

ஷாலினி: தூக்கிடுவானா... முன்னாடி திருடிட்டானா?

வெற்றி: திருடல... எடுத்துக்கிட்டான்.

ஷாலினி: எடுத்துக்கன்னு சொன்னது யாரு? காலேஜ்ல ரெண்டு பேரும் சேந்து இந்த ஆப்புக்குக் கோடு எழுதினப்போ நீதானே வள்ளலாட்டம் நின்ன? “எவன் வேணா எடுத்துக்கட்டும், என்ன வேணா பண்ணிக்கட்டும், நம்ம பேர மட்டும் போட்டா போதும்”னு!

வெற்றி: அப்ப புத்தி இல்ல.

ஷாலினி: இப்ப வந்துடுச்சாக்கும். பேருதான் போட்டிருக்கானே.

வெற்றி: எங்க? செட்டிங்ஸ்க்குள்ள போயி, அதுக்குள்ள ஒண்ணு, அதுக்கும் உள்ள ஒண்ணு, எறும்பு சைஸ்ல! நம்ம கோடு மேல ரெண்டு வசதி சேத்து, கதவ சாத்திட்டு, நம்ம ஊர் ஆளுங்ககிட்டயே மாச சந்தா வாங்குறான்.

ஷாலினி: சரி, புது லைசென்ஸ் என்னா சொல்லுது?

வெற்றி: காப்பிலெஃப்ட். எடுத்துக்கோ, வித்துக்கூட பொழச்சிக்கோ. ஆனா நீ சேத்தது, மாத்தினது எல்லாத்தையும் இதே மாதிரி திறந்து குடு. மூடி வச்சி விக்க முடியாது.

ஷாலினி: அடேயப்பா... ஏற்கெனவே எடுத்தது?

வெற்றி: அது போனது போனதுதான். இனிமே வர்றதுக்குத்தான் இது.

ஷாலினி: நல்லதுதான். நீயே மாத்திக்க வேண்டியதுதானே, நான் எதுக்கு?

வெற்றி: எது மாத்தினாலும் ரெண்டு பேரும் ஓகே போடணும்னு நாமதானே ரூல் வச்சோம்? அதுவும் இல்லாம பாதி கோடு உன்னுது. மழை அலாரம் முழுசா உன்னுது. நீ இல்லாம இது ஏது?

ஷாலினி: இன்னொரு வாட்டி சொல்லு.

வெற்றி: எத?

ஷாலினி: கடைசியா சொன்னத. காதுக்கு ரொம்ப இதமா இருந்துச்சி.

காசிலிங்கம்: டேய் வெற்றி! உப்பு பாத்தியில கிடக்குது, மழ வருதாம்டா! போன் கத்துது பாரு!

வெற்றி: அப்பா வேற...

காசிலிங்கம்: நீ கேளும்மா ஷாலினி. “மழ வருது, உப்ப வாருங்க, தார்ப்பாய் போடுங்க”... அப்படியே உன் குரலாட்டம் இல்ல?

ஷாலினி: என் குரல்தாம்பா அது. ஹாஸ்டல் பாத்ரூம்ல நின்னு கத்தி ரெக்கார்ட் பண்ணது.

வெற்றி: நம்ம ஆப்புதானேப்பா?

காசிலிங்கம்: உன்னுது எங்க? இது கம்பெனி ஆப்பு. சட்டைய டக்-இன் பண்ணிக்கினு ஒரு தம்பி வந்து போட்டுக் குடுத்தான். மாசா மாசம் கட்டுறேன்.

வெற்றி: ஐயோ... நம்முது ஃப்ரீப்பா!

காசிலிங்கம்: ஓசியில குடுத்தா எவன்டா நம்புவான்?

ஷாலினி: பிரமாதம். பெத்த அப்பாவே அவனுக்குக் கஸ்டமரு!

வெற்றி: இருப்பா, நானும் வர்றேன்...

காசிலிங்கம்: நீ வந்து கிழிச்ச. ஆளுங்க இருக்குறாங்க, நான் பாத்துக்கறேன். நீ லைசென்ஸ் எடு.

ஷாலினி: போய்ட்டாரு. மூஞ்ச தொடச்சிக்கோ.

வெற்றி: சிரிக்காத. இதுக்குத்தான் சொல்றேன். இது ஊர் சொத்து ஷாலு. உப்பளத்துல வெயில்ல நிக்கிறவங்க சொத்து. எவனும் மூடி வச்சி வித்துத் தின்னக் கூடாது.

ஷாலினி: எவனுமே?

வெற்றி: எவனுமே.

ஷாலினி: நீயும்?

வெற்றி: நானா?... என்ன பேச்சு இது!

ஷாலினி: சும்மா கேட்டேன்டா. ஊருக்கெல்லாம் இப்படி ஒரு கட்டுப்பாட்ட போட்டுட்டு, அந்தக் கம்பெனிய மட்டும் தனியா கூப்ட்டு, “உனக்கு விலக்கு தரேன், மூடி வச்சி வித்துக்கோ, எனக்குப் பணம் குடு”ன்னு பேரம் பேசலாமாமே. கோடு எழுதினவங்களுக்கு அந்த உரிமை உண்டாம்.

வெற்றி: அப்படியா... எனக்குத் தெரியாதே.

ஷாலினி: தெரியாதா. பாவம்... சரி, நாளைக்குக் காலையில பொறுமையா படிச்சிட்டு ஓகே போடறேன்.

வெற்றி: நாளைக்கு வேணாம்! நாளைக்கு... அப்பாவ கூட்டிக்கினு வானூர் தாலுகா ஆபீஸ் போறேன். பட்டா விஷயமா. பத்து மணிக்கு.

ஷாலினி: நாளைக்கு ஞாயித்துக்கிழமைடா.

வெற்றி: ...ஆபீசரு தெரிஞ்சவரு.

ஷாலினி: ஓஹோ.

வெற்றி: அத விடு. வேலை தேடிக்கினு இருந்தியே, என்னாச்சி?

ஷாலினி: கிடைச்சிடுச்சி. போன வாரம்தான் சேந்தேன்.

வெற்றி: சொல்லவே இல்ல! எங்க?

ஷாலினி: எங்க சொல்ல விட்ட? வந்ததுலேருந்து அமுக்கு அமுக்குன்னுதானே உயிர எடுக்குற. இந்தா... அமுக்கிட்டேன்.

வெற்றி: அப்பாடா! நீ தெய்வம் ஷாலு!

ஷாலினி: தெய்வத்துக்கு ஒரு சந்தேகம். இனிமே ஒருத்தன் இத மூடி வச்சி விக்கணும்னா, எழுதின ரெண்டு பேருமே சம்மதிக்கணும், இல்ல?

வெற்றி: அ... ஆமா. ஏன் கேக்குற?

ஷாலினி: சும்மாத்தான். எனக்கும் நாளைக்கு பத்து மணிக்கு மீட்டிங்கு. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்ல ஒரு பேக்கரி இருக்குது இல்ல, அங்க.

வெற்றி: ...எந்த பேக்கரி?

ஷாலினி: நீ கம்பெனிக்காரங்கள வரச் சொன்ன அதே பேக்கரிதான். நேத்து நீ அவங்களோட பேசின வீடியோ கால்ல, கேமராவும் மைக்கும் அணைச்சிட்டு, கம்பெனி பேர்ல ஒரு கருப்புக் கட்டம் இருந்துச்சே... அது நான்தான்டா. போன வாரம் வேலைக்குச் சேந்தது அங்கதான், ஊர் தெரிஞ்ச பொண்ணுன்னு என்னையே பேச அனுப்புறாங்க. “கூட ஒரு பொண்ணு இருக்குது, சும்மா ஸ்பெல்லிங் திருத்தும், அத நான் பாத்துக்கறேன்”னு சொன்னியே... நாளைக்கு அந்தப் பொண்ணுக்கும் ஒரு சேர் போட்டு வை.